வைத்தியராக மட்டுமா? உயிர்மருத்துவப் பொறியியலும் எமது பிள்ளைகளும்

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் இடம்பெயர்ந்த மக்கள் வாழும் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். கெட்டித்தனமான பிள்ளை என்றால் "உயிரியல் படி, டொக்டராக வா" என்பார்கள். சுமாராகச் சித்தியடைந்த பிள்ளை என்றால் "கலைப்பிரிவில் இருந்து பார்" என்பார்கள். கணிதம் படிக்க விரும்புகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கோ "அதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு. ரியூசன் காசுக்கு எங்கே போவது?" என்ற பதில் கிடைக்கிறது.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் ஏக்கம் எவருக்கும் விளங்கும். காணியும் கிணறும் மாடும் போன பின்பு, கல்வி ஒன்றே பறிக்க முடியாத முதுசம் என்று நம்புகிறவர்கள் நாங்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பரீட்சை எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை டொக்டராக வேண்டும் என்று பாட்டனார் ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆனால் மருத்துவ பீடத்துக்குப் போகிறவர் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு வேறு என்ன பாதைகள் இருக்கின்றன என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே, பதினாறு வயதில் பல கதவுகள் மூடப்பட்டுவிடுகின்றன. அக்கதவுகளில் ஒன்றின் பெயர் உயிர்மருத்துவப் பொறியியல்.

குடிநீருக்கும் கூரைத் தகரத்துக்கும் அலைகிற மக்களிடம் பட்டப்பின் படிப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் இருபத்தைந்து வயதில் ஆய்வுகூடத்தில் நிற்கப் போகிறவர், பதினைந்து வயதில் எமது கிராமத்துத் தண்ணீர் வரிசையில்தான் நிற்கிறார். எந்தப் பாடத்தை எடுப்பது என்று அவர் தீர்மானிப்பதும் அப்பொழுதுதான். ஆகவே இப்பொழுதே பேச வேண்டியிருக்கிறது.

இது என்ன படிப்பு?

நோயைக் கண்டறிந்து சிகிச்சை செய்பவர் வைத்தியர். அவர் நம்பியிருக்கும் கருவியை வடிவமைத்து, சோதித்து, பழுதடையாமல் பார்த்துக்கொள்பவர் உயிர்மருத்துவப் பொறியியலாளர். இதயத் துடிப்பைப் பதியும் ஈ.சி.ஜி. இயந்திரம், குறைமாதக் குழந்தையை வைக்கும் சூட்டுப் பெட்டி, செயற்கைக் கால், இதய வால்வு, சிறுநீரகம் பழுதானவரின் குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரம் எல்லாம் இத்துறையைச் சேர்ந்தவை. வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயைப் பற்றி வாசகர்கள் அறிவீர்கள். அந்நோய் முற்றியவரின் உயிர் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் ஒரு இயந்திரத்தில் தங்கியிருக்கிறது.

ஒரு சிறு உதாரணத்தால் இப்படிப்பின் தன்மையை விளக்கலாம். ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் ஒட்டும் கம்பிகளுக்கு வந்து சேரும் இதயத்தின் மின் அளவு ஏறத்தாழ 1 மில்லிவோல்ற்று மாத்திரமே. ரோச் லைற் பற்றரி ஒன்று 1.5 வோல்ற்று. அதாவது அந்தப் பற்றரியின் 1,500இல் ஒரு பங்கு. அதே அறையின் சுவரில் 230 வோல்ற்று மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைந்துகொண்டிருக்கிறது. சந்தை இரைச்சலுக்கு நடுவே கைக்குழந்தையின் முனகலைக் கேட்பது போன்ற வேலை இது. இரைச்சலை வடித்து முனகலை மட்டும் எடுப்பதற்குக் கணிதம் வேண்டும், இலத்திரனியல் வேண்டும். எடுத்ததைப் பார்த்து எது நோய், எது நோயாளி கையை அசைத்ததால் வந்த கோடு என்று பிரித்தறிய உடலியல் வேண்டும். இம்மூன்றும் ஒருவரிடத்தில் சேர வேண்டும் என்பதாலேயே இத்துறை பெரும்பாலும் பட்டப்பின் படிப்பாக வளர்ந்தது.

முதலாவது ஆற்றல்: கணிதமும் பொறுமையும்

முகாம் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு வாதக் காய்ச்சலையும் தெரிந்திருக்கும். நெருக்கமாக வாழும் இடங்களில் பிள்ளைகளுக்குத் தொண்டை நோவாகத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் இதய வால்வைக் கெடுக்கும் நோய் அது. கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தலாம். ஒரு காலத்தில் இந்தியாவும் அதனை மிகுந்த விலைக்கு வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதயச் சத்திரசிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் வைத்தியரும் பொறியியலாளரும் சேர்ந்து, சொந்தமாக ஒரு வால்வைச் செய்ய முற்பட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. முதல் மூன்று மாதிரிகளும் கைவிடப்பட்டன. நான்காவது மாதிரியே 1990 டிசம்பரில் முதல் தடவையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் பல்லாயிரம் பேருக்கு அது உயிர் கொடுத்தது.

ஏன் இவ்வளவு காலம்? ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1,00,800 தடவை. ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம் தடவை. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறந்து மூட வேண்டும். வேலிக் கம்பியை இப்படியும் அப்படியும் பல தடவை வளைத்தால் அது முறிந்துவிடும் என்பது எமக்குத் தெரியும். எத்தனையாவது வளைவில் முறியும் என்று முற்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் பொறியியல். அதற்கு நுண்கணிதம், பௌதிகவியல், புள்ளிவிபரவியல், கணினியில் நிரல் எழுதும் பழக்கம் ஆகியன வேண்டும். இவை இல்லாமல் இந்தப் பட்டப்பின் படிப்பில் கால் வைக்க முடியாது. இதனை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

மூன்று தடவை தோற்ற பின்பும் நான்காவது மாதிரியைத் தொடங்கும் பொறுமையும் ஓர் ஆற்றல்தான். இரண்டு போகம் அழிந்த பின்பு மூன்றாம் போகத்துக்கு விதைநெல் தேடும் மக்களுக்கு அதனை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாவது ஆற்றல்: கைவேலை

ஏர்ல் பாக்கன் என்பவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் பட்டப்பின் படிப்புப் படித்தவர். படிக்கும் காலத்தில் வைத்தியசாலையில் பழுதாகிக் கிடந்த கருவிகளைத் திருத்திக் கொடுத்து வந்தார். 1949இல் தம் மைத்துனருடன் சேர்ந்து ஒரு கராச்சில் அத்திருத்த வேலையையே தொழிலாகத் தொடங்கினார். 1957இல் அந்நகரில் மின்சாரம் தடைப்பட்டபோது, இதயத் துடிப்பை நடத்தும் இயந்திரங்கள் சுவர் மின்சாரத்தை நம்பியிருப்பதன் ஆபத்து வெளிப்பட்டது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பாக்கன் சில வாரங்களில், உடலில் அணிந்துகொள்ளக்கூடிய, பற்றரியில் இயங்கும் சிறு கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். பட்டப்பின் படிப்பு அவருக்குக் கணக்கைக் கொடுத்தது. எது வேண்டும் என்பதை வைத்தியசாலையின் பழுதுபட்ட கருவிகள் கற்றுக்கொடுத்தன.

2010இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேர்ட் மல்கினும் ஒரு சக ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு எமக்கு இன்னும் நெருக்கமானது. வசதி குறைந்த 11 நாடுகளில் 60 வைத்தியசாலைகளிலிருந்து வந்த 2,849 திருத்த வேண்டுகோள்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். செயலிழந்து கிடந்த கருவிகளில் 66 வீதமானவற்றை மீண்டும் இயங்கச் செய்வதற்கு 107 அடிப்படைத் திறன்கள் போதும் என்று கண்டார்கள். அவை மின்சாரம், இயந்திர வேலை, மின்வழங்கி, குழாய் வேலை, மோட்டார், கருவியைப் பொருத்திப் பாவிக்கப் பழக்குதல் என்ற ஆறு வகைக்குள் அடங்குகின்றன.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை, லாண்ட்மாஸ்ரரின் பெல்ற்றை மாற்றுகிற பிள்ளை, மின்பிறப்பாக்கியில் எண்ணெய் அடைத்தால் ஊதித் துப்புரவாக்குகிற பிள்ளை இவற்றில் சிலவற்றை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. கடையில் புதிது வாங்க முடியாத வாழ்க்கை பழுது பார்க்கும் கையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே பிள்ளையை "கையில் கிறீஸ் பூசாதே, போய்ப் படி" என்று விரட்டுகிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறோம். இத்துறையில் அவை ஒன்றுக்கொன்று துணை.

மூன்றாவது ஆற்றல்: மனிதரை அறிதல்

மிதிவெடியில் காலை இழந்தவர்கள் வாழும் எமது ஊர்களில் ஜெய்ப்பூர் கால் என்ற பெயரை அறியாதவர் இல்லை. போர்க் காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் அதனைச் செய்து பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். அது பிறந்த வரலாறு இப்படிப்புக்கு ஒரு பாடம். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருந்து, தார் வீதியில் நடப்பவருக்காகச் செய்யப்பட்டது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர், நிலத்தில் சப்பாணி கட்டிச் சாப்பிடுகிறவர், குந்தியிருந்து வேலை செய்கிறவர் அதனை மூலையில் போட்டுவிட்டார். 1968 அளவில் ஜெய்ப்பூரில் வைத்தியர் பி. கே. சேத்தியும், அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து, இறப்பரால், குந்தவும் சேற்றில் நடக்கவும் கூடிய பாதத்தைச் செய்தார்கள். சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. பாதத்தை வடித்த கையை உலகம் அவ்வளவாக அறியவில்லை.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. முழங்காலுக்கு மேல் துண்டிக்கப்பட்டவருக்கு மலிவான, தளம்பாத செயற்கை முழங்கால் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த பட்டப்பின் மாணவர்கள் சிலர், ஜெய்ப்பூர் நிறுவனத்துடன் சேர்ந்து, எண்ணெய் கலந்த நைலோனால் ஏறத்தாழ 20 டொலரில் ஒரு முழங்காலை உருவாக்கினார்கள். 2009இல் ரைம் சஞ்சிகை அதனை அவ்வாண்டின் சிறந்த 50 கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக எடுத்தது. அந்த மாணவர்களிடம் கணக்கு இருந்தது. மேடு பள்ளமான நிலத்தில் ஒற்றைக் காலோடு நடப்பது எப்படியென்பதை அவர்கள் ஜெய்ப்பூர்க்காரரிடமும் கால் இழந்தவர்களிடமும் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. எமது பிள்ளைகளுக்கு அது பெரியப்பாவின் நடையிலிருந்து, அயல் வீட்டு அக்காவின் நடையிலிருந்து தெரியும். நாற்று மேடையில் ஏறும்போது கால் எங்கே சறுக்குகிறது, மழைக்காலத்தில் பட்டி எங்கே உரசிப் புண்ணாக்குகிறது என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அறிவு. அது வெட்கப்பட வேண்டிய பின்னணி அல்ல. பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பம் எழுதும்போது, ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர் என்ற கேள்விக்குச் சொல்லக்கூடிய உண்மையான பதில் அதுவே.

எங்களிடம் இல்லாதது

ஆக, பொறுமையும் கைத்திறனும் மனிதரை அறிதலும் எமது வீட்டு முற்றத்திலேயே வளர்கின்றன. கணிதமும் ஆங்கிலமும் அப்படி வளர்வதில்லை. அவை வரிசையாகக் கற்க வேண்டியவை. இடம்பெயர்வு முதலில் அறுத்தெறிவது அந்த வரிசையைத்தான். வரலாற்றுப் பாடத்தில் ஒரு தவணையைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த தவணையில் சமாளித்துக்கொள்ளும். பின்னத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு அட்சரகணிதம் விளங்காது. அட்சரகணிதம் விளங்காத பிள்ளை தன்னை மொக்கு என்று நினைத்துக்கொள்ளும். அது மொக்கு அல்ல. இடையில் ஒரு படி இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். எந்தப் படி என்று கண்டுபிடித்து அதனைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது பெரியவர்களின் கடமை.

ஆகவே எனது கருத்து இதுதான். இடம்பெயர்ந்தோருக்கென்று வேலை செய்யும் சங்கங்களும் நிறுவனங்களும் பாடசாலைப் பைகளையும் கொப்பிகளையும் கொடுப்பதோடு நின்றுவிடாமல், கிராமத்துக்கு ஒரு நல்ல கணித ஆசிரியருக்கு மாலை நேர வகுப்புக்கான படியைக் கொடுக்க வேண்டும். தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுப்பதைப் போல இதற்குப் படம் எடுக்க முடியாது. பலன் தெரியப் பத்து வருடம் செல்லும். ஆயினும் தென்னையை நட்டவர்கள் நாங்கள். பத்து வருடம் பொறுப்பது எமக்குப் புதிதல்ல. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். "பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்ற சொல்லால் தடைப்பட்டவர்கள் அவர்களே அதிகம்.

பாதையும் செலவும்

இலங்கையில் பொறியியல் பீடத்துக்குப் போவதற்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். உயிரியல் பிரிவை எடுத்த பிள்ளை, எவ்வளவு நல்ல பெறுபேறு பெற்றாலும் இந்த வாசலால் நுழைய முடியாது. "உயிர்" என்ற சொல் பெயரில் இருப்பதால் உயிரியல் பிரிவுதான் எடுக்க வேண்டும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறை உயிர்மருத்துவப் பொறியியலில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை நடத்துகிறது. அங்கு இடம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடுவதில்லை. மின், இயந்திர, கணினிப் பொறியியல் பட்டதாரிகளும் பின்னர் உயிர்மருத்துவப் பொறியியலில் பட்டப்பின் படிப்புக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், வன்னி வயல்களுக்கு நடுவே இருக்கிறது.

இந்தியாவில் சென்னை ஐ.ஐ.டி., மேலே சொன்ன திருவனந்தபுரம் நிறுவனம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் இணைந்து மருத்துவமனைப் பொறியியலில் பட்டப்பின் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. அதில் பொறியியல் மாணவர் வைத்தியசாலைக்குள் நின்று, வைத்தியரையும் தாதியரையும் பார்த்துப் பழக வேண்டும் என்பது சிறப்பு.

வெளிநாட்டுப் படிப்பின் செலவு பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் பொறியியலில் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவாகும் மாணவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று, ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலையும் மாதப் படியும் கொடுக்கிறது. முதுமாணிப் படிப்புக்குப் பெரும்பாலும் அவ்வாறு கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, யார் கட்டணம் செலுத்துவது என்பதை எழுத்தில் காணாமல், முகவர் சொல்லும் வார்த்தையை நம்பி மிஞ்சியிருக்கும் நகையையோ காணி உறுதியையோ அடகு வைக்காதீர்கள்.

பழுதான இயந்திரங்கள்

மல்கின் பங்கெடுத்த வேறொரு ஆய்வு 2011இல் வெளிவந்தது. 16 நாடுகளில் 1,12,000க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 40 வீதமானவை இயங்காமல் கிடந்தன. பயிற்சி இல்லாமை, பராமரிப்பு முறை இல்லாமை, மின்சாரம் போன்ற அடிப்படை வசதி இல்லாமை ஆகியனவே காரணங்கள். இதனை வாசிக்கும்போது, வெளிநாட்டு உறவுகள் அன்போடு அனுப்பி, பூமாலை போட்டுக் கையளிக்கப்பட்டு, ஒரு வருடத்தில் துணி மூடிக் கிடக்கும் இயந்திரங்கள் வாசகர் பலருக்கு நினைவுக்கு வரலாம்.

ஆகவே இயந்திரம் தரலாமா என்று எவரேனும் கேட்டால், கிராம அபிவிருத்திச் சங்கம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பழுதானால் யார் திருத்துவது? உதிரிப்பாகம் எங்கே வாங்குவது? பதில் இல்லையென்றால், அந்தக் காசின் ஒரு பங்கைத் திருத்தத் தெரிந்த ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கேட்பதில் வெட்கமில்லை. பட்டப்பின் படிப்பு முடித்த எல்லோரும் ஊருக்குத் திரும்புவார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் திரும்பார். ஒருவர் திரும்பினாலும் ஒரு மாவட்டத்து வைத்தியசாலைகளில் எத்தனையோ கருவிகள் கண் விழிக்கும். அவருக்குக் கீழ் பழகும் பத்துப் பேர், பல்கலைக்கழகம் போகாமலே அந்த 107 திறன்களையும் கற்றுக்கொள்வார்கள்.

இந்த வருடம் செய்யக்கூடியவை மூன்று. பிள்ளையின் கணிதக் கொப்பியை எடுத்து, எந்த வகுப்பில், எந்தத் தவணையில் படிப்பு அறுந்தது என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றைப் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் படிவத்தில் கையொப்பம் இடும் முன்னர், டொக்டர் என்ற சொல்லை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கணித ஆசிரியரிடம் போய் இருந்து பேசுங்கள்.